உபுண்டுவில் என்விடியா டிரைவரை மட்டும் அப்கிரேட் ஆகாமல் நிறுத்தி வைப்பது எப்படி?

ஜிபியு_கடன்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் உபுண்டு 22.04 போட்ட சர்வர் ஒன்று இருக்கிறது, அதில் ஒரு என்விடியா கார்டு, டிரைவர் 535 வரிசை. நானும் இன்னும் சிலரும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் மாடல் ட்ரெய்னிங் ஓட்டுவோம். இன்று காலை புதிதாக ஒரு ரன் தொடங்கலாம் என்று போனால் பைடார்ச் (ட்ரெய்னிங் ஓட்டும் லைப்ரரி) ஜிபியுவே, அதாவது அந்தக் கார்டே, இல்லை என்கிறது. கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ அடித்துப் பார்த்தால் "ஃபெயில்ட் டு இனிஷியலைஸ் என்விஎம்எல், டிரைவர் லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. வேடிக்கை என்னவென்றால் நேற்று இரவு இன்னொருவர் தொடங்கிய ட்ரெய்னிங் அதே கார்டில் இன்னமும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது!

யாரும் எதையும் இன்ஸ்டால் செய்யவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். தேடிப் பார்த்ததில் தானியங்கி அப்டேட்டில் டிரைவர் மாறியிருக்கலாம் என்று தெரிகிறது. எனக்கு வேண்டியது இதுதான்: ஓபன்எஸ்எஸ்ஹெச், ஓபன்எஸ்எஸ்எல் மாதிரி மற்றதெல்லாம் வழக்கம்போல அப்டேட் ஆகட்டும், டிரைவர் மட்டும் நான் சொல்லும்வரை அசையக் கூடாது. உபுண்டுவின் பேக்கேஜ் கருவியான ஆப்டில், ஒரு பேக்கேஜை இருக்கும் வெர்ஷனிலேயே நிறுத்தி வைக்க ஆப்ட்-மார்க் ஹோல்ட் என்று ஒன்று இருப்பதாகப் படித்தேன். அதில் என்விடியா-டிரைவர்-535 என்று ஒரே ஒரு பேக்கேஜைக் கொடுத்தால் போதுமா? நினைத்த நேரத்தில் ரீபூட் செய்யவும் முடியாது, மற்றவர்களின் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது.

---

டெர்மினல்_தாத்தா:

தம்பி, முதலில் என்ன நடந்தது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வார் அடைவுக்குள் லாக், அதற்குள் ஆப்ட், அங்கே ஹிஸ்டரி.லாக் என்ற ஃபைல் இருக்கும். அதில் இன்று காலை ஆறிலிருந்து ஏழுக்குள் ஒரு பதிவு இருக்கிறதா, அதன் கமாண்ட்லைன் வரியில் அன்அட்டெண்டட்-அப்கிரேட் (தானாக அப்டேட் போடும் நிரல்) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆப்ட்-டெய்லி-அப்கிரேட் டைமர் காலை 6 மணிக்கு வைக்கப்பட்டது, அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நிமிடத்தில் கிளம்பும். என்விடியா டிரைவரில் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் உபுண்டு அதைச் செக்யூரிட்டி ரெப்போ (பேக்கேஜ் கிடங்கு) வழியாகவே கொடுக்கிறது, செக்யூரிட்டியில் வருவதை அன்அட்டெண்டட் யாரையும் கேட்காமல் போட்டுவிடும். அதனால் உங்கள் ஆட்கள் செய்த சத்தியம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

மிஸ்மேட்ச் ஏன் வருகிறது என்றால், டிரைவரில் இரண்டு பாதி உண்டு. ஒன்று கெர்னல் மாட்யூல் (இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு சேரும் துண்டு), அது மெமரியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று டிஸ்கில் இருக்கும் லைப்ரரிகள். அப்கிரேட் நடந்ததும் டிஸ்கில் இருந்தவை மாறிவிட்டன, மெமரியில் இருக்கும் மாட்யூல் ரீபூட் ஆகும்வரை பழையதுதான். இரண்டும் துல்லியமாக ஒரே வெர்ஷனாக இருந்தால்தான் பேசிக்கொள்ளும், கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண் மாறினாலும் ஒத்துக்கொள்ளாது. நேற்றே தொடங்கிய வேலை பழைய லைப்ரரியை ஏற்கெனவே ஏற்றிக் கையில் வைத்திருக்கிறது, அதனால் அது பாட்டுக்கு ஓடுகிறது. புதிதாகத் தொடங்குபவருக்குத்தான் புது லைப்ரரி கிடைக்கிறது. ப்ராக் அடைவில் டிரைவர், என்விடியா, வெர்ஷன் என்று போய்ப் பார்த்தால் மெமரியில் இருப்பதன் எண் தெரியும், மாட்இன்ஃபோ என்விடியா என்று அடித்தால் டிஸ்கில் இருப்பதன் எண் தெரியும். இரண்டும் வேறாக இருந்தால் இதுதான் கதை.

இப்போதைக்கு, ஓடுகிற ட்ரெய்னிங் முடியும்வரை காத்திருங்கள். முடிந்ததும் ரீபூட் செய்யாமலும் சரி செய்யலாம், சர்வரில் திரை எதுவும் இல்லையே. என்விடியா-பெர்சிஸ்டன்ஸ்டி சர்வீஸை நிறுத்திவிட்டு, என்விடியா_யுவிஎம், என்விடியா_டிஆர்எம், என்விடியா_மோட்செட், என்விடியா என்ற இதே வரிசையில் ஆர்எம்மாட் செய்து, பிறகு மாட்ப்ரோப் என்விடியா. "மாட்யூல் இஸ் இன் யூஸ்" என்று வந்தால் யாரோ இன்னும் கார்டைப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், தேடிப் பிடித்து நிறுத்துங்கள்.

ஹோல்ட் விஷயத்துக்கு வருகிறேன். சுடோ ஆப்ட்-மார்க் ஹோல்ட், அதன் பின்னால் பேக்கேஜ் பெயர்கள், அவ்வளவுதான் (போனிலிருந்து எழுதுவதால் கமாண்டுகளைத் தமிழிலேயே போட்டிருக்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்). எடுக்க வேண்டுமானால் அன்ஹோல்ட், எதையெல்லாம் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று பார்க்க ஷோஹோல்ட். ஆனால் ஒரே பேக்கேஜைக் கொடுத்தால் போதுமா என்று கேட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். என்விடியா-டிரைவர்-535 என்பது பெரும்பாலும் மற்றவற்றை இழுத்துக்கொண்டு வருவதற்கான பேக்கேஜ். மிஸ்மேட்சுக்குக் காரணமான ஃபைல்கள் லிப்என்விடியா-கம்ப்யூட்-535, என்விடியா-யூட்டில்ஸ்-535, என்விடியா-டிகேஎம்எஸ்-535, என்விடியா-கெர்னல்-காமன்-535 போன்றவற்றில் இருக்கின்றன. பல நேரம் ஒன்றை நிறுத்தினால் சார்புகள் காரணமாக மற்றவையும் நின்றுவிடும், ஆனால் சர்வரில் ஹெட்லெஸ் (திரை இல்லாத மெஷினுக்கான) பேக்கேஜ் மட்டும் போட்டிருந்தால் உங்களிடம் என்விடியா-டிரைவர்-535 என்ற பேக்கேஜே இருக்காது. எனவே டிபிகேஜி -எல் கொடுத்து, கிரெப்பில் என்விடியா என்று வடிகட்டி, "ஐஐ" என்று தொடங்கும் வரிகளில் 535 வருகிற அத்தனையையும் ஹோல்டில் போடுங்கள். போட்ட பிறகு அதே பட்டியலில் முதல் எழுத்து ஹெச் ஆக மாறியிருக்கும். அதற்கு அப்புறம் ஆப்ட் -எஸ் அப்கிரேட் அடித்துப் பாருங்கள், அது பாவனைதான், எதையும் தொடாது. இனி புது டிரைவர் வரும்போது அதன் பெயர்கள் "கெப்ட் பேக்" பட்டியலில் வந்து நிற்க வேண்டும்.

அன்அட்டெண்டட்-அப்கிரேட்டும் ஹோல்டை மதிக்கும். தனியாக வேறெதுவும் செய்ய வேண்டாம்.

---

முன்னுரிமை1001:

தாத்தா சொன்னது சரி, ஆனால் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பலர் கை வைக்கும் மெஷினில் ஹோல்ட் மட்டும் இருந்தால், யாராவது நல்லெண்ணத்தில் ஆப்ட் இன்ஸ்டால் என்விடியா-டிரைவர்-535 என்று அடிப்பார். நிறுத்தி வைத்தது மாறப் போகிறது என்று ஆப்ட் காட்டும், அவர் படிக்காமல் ஒய் தட்டுவார், முடிந்தது. ஸ்கிரிப்ட்டில் -ஒய் போட்டிருந்தால் மட்டும் பிழைத்தோம், அலவ்-சேஞ்ச்-ஹெல்ட்-பேக்கேஜஸ் என்று தனியாகக் கொடுக்காதவரை ஆப்ட் எரர் சொல்லி நின்றுவிடும். ஹோல்ட் ஏன் போட்டோம், யார் போட்டார்கள் என்று எழுதி வைக்கவும் அதில் இடம் கிடையாது.

அதனால் எனக்குப் பின்னிங்தான் பிடிக்கும், அதாவது எந்த வெர்ஷனுக்கு எவ்வளவு முன்னுரிமை என்று ஆப்டுக்கு ஃபைலில் எழுதி வைப்பது. ஈடிசி, ஆப்ட், பிரெஃபரன்சஸ்.டி அடைவில் ஒரு ஃபைல் உருவாக்குங்கள். அதில் மூன்று வரி: பேக்கேஜ் என்ற இடத்தில் இருபுறமும் நட்சத்திரம் போட்டு என்விடியா, "பின்" என்ற இடத்தில் வெர்ஷன் என்று எழுதி 535.129 மாதிரி நீங்கள் வைத்திருக்கும் எண்ணும் ஒரு நட்சத்திரமும், பின்-ப்ரையாரிட்டி என்ற இடத்தில் ஒரு எண். மேலே கமெண்டாகக் காரணத்தையும் தேதியையும் எழுதிவிடலாம். எண்தான் முக்கியம். ரெப்போவில் இருக்கும் சாதாரணப் பேக்கேஜுக்கு 500, மெஷினில் ஏற்கெனவே போட்டிருப்பதற்கு 100 என்பது இயல்பு நிலை. 1000-ஐத் தாண்டினால் புதிய வெர்ஷன் ஏறியிருந்தாலும் அதைக் கீழே இறக்கிப் பழையதைப் போடு என்று அர்த்தம், அதனால் 1001-ஐ யோசித்துத்தான் எழுத வேண்டும் (என் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்). கீழே இறக்கும் வேலை வேண்டாம், இருப்பது இருக்கட்டும் என்றால் 990 போதும். மைனஸ் எண் கொடுத்தால் அந்த வெர்ஷன் எப்போதுமே உள்ளே வராது. எழுதி முடித்ததும் ஆப்ட் பாலிசி என்று பேக்கேஜ் பெயரோடு அடித்தால், எந்த வெர்ஷனை ஆப்ட் தேர்ந்தெடுக்கப் போகிறது என்று கேண்டிடேட் வரியில் காட்டிவிடும். அதைப் பார்க்காமல் எழுந்து போகாதீர்கள், பின் ஃபைலில் எழுத்துப்பிழை இருந்தால் பல நேரம் சத்தமே இல்லாமல் ஒன்றும் நடக்காமல் போகும்.

இன்னொரு கேள்வி. கூடாவை, அதாவது என்விடியா கார்டில் கணக்கு ஓட்டுவதற்கான மென்பொருள் தொகுப்பை, எங்கிருந்து போட்டீர்கள்? என்விடியாவின் ரெப்போவைச் சேர்த்திருந்தால், அவர்களுடைய நிறுவல் குறிப்பில் ஒரு பின் ஃபைலையும் வைக்கச் சொல்வார்கள், கூடா-ரெப்போசிட்டரி-பின்-600 என்ற பெயரில். 600 என்பது உபுண்டுவின் 500-ஐ விட மேலே. அதாவது இரண்டு இடத்திலும் டிரைவர் இருந்தால் ஆப்ட் அங்கிருந்து வருவதைத்தான் எடுக்கும். கூடவே "கூடா" என்ற மெட்டா பேக்கேஜையும் (மற்றவற்றை இழுத்து வருவதற்கான பேக்கேஜ்) போட்டிருந்தால், அது புதிய டிரைவரை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். டூல்கிட் மட்டும் வேண்டும் என்பவர்கள் கூடா-டூல்கிட்-12-2 என்பது போல எண்ணோடு வரும் பேக்கேஜைப் போடுவது நல்லது, அது டிரைவரைத் தொடாது. இயல்பு நிலையில் அன்அட்டெண்டட் வெளி ரெப்போக்களைக் கண்டுகொள்ளாது, ஆனால் யாராவது கையால் ஆப்ட் அப்கிரேட் அடித்த அன்று எல்லாம் சேர்ந்து வரும்.

அப்புறம் 535 என்று பெயரிலேயே எண் இருக்கிறதே, 535-ஐ விட்டு வெளியே போகாது என்று நம்பி இருக்காதீர்கள். ஒரு வரிசையின் காலம் முடிந்தால் உபுண்டு அதே பெயரில் ஒரு வெற்றுப் பேக்கேஜை வெளியிட்டு அடுத்த வரிசைக்குத் தள்ளிவிடும். 525 போட்டிருந்தவர்கள் அப்படித்தான் 535-க்கு வந்து சேர்ந்தார்கள்.

---

ரெட்ஹேட்_பக்கத்துவீடு:

கேள்வி உபுண்டு பற்றியது என்று தெரியும், ஆனால் தேடி வருபவர்களுக்காக. ஃபெடோரா, ராக்கி பக்கம் டிஎன்எஃப் வெர்ஷன்லாக் ஆட் என்று பேக்கேஜ் பெயரோடு கொடுத்தால் இப்போதிருக்கும் வெர்ஷனில் பூட்டிவிடும், பழைய டிஎன்எஃப்பில் அதற்கு ஒரு ப்ளகின் தனியாகப் போட வேண்டும், ஃபெடோரா 41-இல் வந்த டிஎன்எஃப்5-இல் உள்ளேயே இருக்கிறது. டிஎன்எஃப்.கான்ஃப்பில் எக்ஸ்க்ளூட் வரி எழுதுவதும் உண்டு, ஆனால் அப்படிச் செய்தால் அந்தப் பேக்கேஜ் ரெப்போவில் இருப்பதே டிஎன்எஃப்புக்குத் தெரியாமல் போகும், பிறகு ஏதோ ஒரு சார்பு கிடைக்கவில்லை என்று எரர் வரும்போது மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள். ஓப்பன்சூசேவில் சிப்பர் ஆட்லாக். ஆர்ச் என்றால் பேக்மேன்.கான்ஃப்பில் இக்னோர்பிகேஜி, ஆனால் பாதி அப்கிரேட் செய்த சிஸ்டத்துக்கு ஆதரவு இல்லை என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள், ட்ரெய்னிங் சர்வரில் ஆர்ச் வைப்பவரிடம் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

---

பேட்ச்_நாள்:

எல்லோரும் எப்படிப் பூட்டுவது என்றே பேசுகிறீர்கள். செக்யூரிட்டி ரெப்போவிலிருந்து வந்தது என்றால் அதில் ஒரு ஓட்டை அடைக்கப்பட்டிருக்கிறது. பல பயனர்கள் லாகின் செய்யும் மெஷினில், கெர்னல் மாட்யூல் உள்ள டிரைவரைக் கிடப்பில் போடுவது நல்ல யோசனையா? சாதாரணப் பயனர் ஒருவர் ரூட் ஆகிவிட வழி தரும் பிழைகள் இந்த மாதிரி டிரைவர்களில்தான் அடிக்கடி வருகின்றன.

உங்கள் பிரச்சினையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். டிரைவர் மாறியது உங்களுக்குச் சிக்கல் இல்லை, யாரும் எதிர்பாராத நேரத்தில் மாறியதும் அதன் பிறகு ரீபூட் நடக்காததும்தான் சிக்கல். புது வெர்ஷனில் உங்கள் கோடு ஓடாது என்று எங்கேயும் நீங்கள் சொல்லவில்லை. அப்படியானால் ஹோல்டும் வேண்டாம் பின்னும் வேண்டாம், தானாக நடப்பதை மட்டும் தடுங்கள். ஈடிசி, ஆப்ட், ஆப்ட்.கான்ஃப்.டி அடைவில் 50அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற ஃபைல் இருக்கும், அதில் பேக்கேஜ்-பிளாக்லிஸ்ட் பகுதியில் என்விடியா என்று ஒரு வரி, லிப்என்விடியா என்று இன்னொரு வரி. இரண்டும் வேண்டும். அங்கே எழுதுவது பேக்கேஜ் பெயரின் முதல் எழுத்திலிருந்து ஒப்பிடப்படும், அதனால் என்விடியா என்று மட்டும் எழுதினால் லிப் என்று தொடங்குபவை தப்பித்துப் போய் அப்கிரேட் ஆகும், திரும்பவும் இதே மிஸ்மேட்சில் வந்து நிற்பீர்கள். கெர்னலோடு சேர்ந்தே வரும் லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா பேக்கேஜ் இருந்தால் அதையும் சேருங்கள். எழுதிய பிறகு அன்அட்டெண்டட்-அப்கிரேட்டை டிரை-ரன், டீபக் இரண்டு ஆப்ஷனோடும் ஓட்டினால் எதைத் தவிர்க்கிறது என்று வரிவரியாகச் சொல்லும்.

பிறகு ஆய்வகத்தில் ஒரு நாளைப் பேசி வைத்துக்கொண்டு, அன்று ஜிபியு வேலைகளை நிறுத்தி, கையால் ஆப்ட் அப்கிரேட், உடனே ரீபூட். மற்ற நாட்களில் மற்றதெல்லாம் தானாக நடக்கட்டும். ஹோல்ட் போட்டவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்து அன்ஹோல்ட் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், நான் சுத்தம் செய்யப் போகும் சர்வர்களில் ஷோஹோல்ட் அடித்தால் வேலையை விட்டுப் போனவர்களின் ஹோல்டெல்லாம் வரிசையாக நிற்கும்.

---

டெர்மினல்_தாத்தா:

பேட்ச்_நாள் சொல்வது நியாயம், இந்த ஆய்வக மெஷினுக்கு அதுதான் பொருத்தம். ஆனால் ஹோல்டே தப்பு என்ற அளவுக்குப் போக வேண்டாம். குபர்னெட்டிஸ்காரர்கள் (கண்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பு அது) தங்கள் நிறுவல் ஆவணத்திலேயே குபலெட், குபட்எம், குபெக்டில் மூன்றையும் ஹோல்டில் போடச் சொல்கிறார்கள். அங்கே காரணம் வேறு: குபலெட் ஏபிஐ சர்வரைவிடப் புதிய வெர்ஷனாக இருக்கக் கூடாது, அப்கிரேட்டுக்கு என்று ஒரு வரிசை உண்டு, ஆப்டுக்கு அந்த வரிசை தெரியாது. கருவிக்குத் தெரியாத ஒழுங்கு ஒன்று இருக்கும் இடத்தில் ஹோல்ட் சரியான வழிதான். புது டிரைவரில் ஒரு பழைய லைப்ரரி ஓடவே மாட்டேன் என்றால் அங்கேயும் ஹோல்ட் போட்டுத்தான் ஆக வேண்டும். பயந்து போடும் ஹோல்டுதான் மறந்து போகும்.

---

ஜிபியு_கடன்காரன்:

நன்றி தாத்தா, நன்றி எல்லோருக்கும். லாகில் பார்த்தேன், காலை ஆறரை வாக்கில் அன்அட்டெண்டட் கணக்கில் 535 பேக்கேஜ்கள் வரிசையாக மாறியிருக்கின்றன. ட்ரெய்னிங் முடிந்ததும் ஆர்எம்மாட் வரிசை வேலை செய்தது, ரீபூட் தேவைப்படவில்லை. பிளாக்லிஸ்டில் என்விடியா, லிப்என்விடியா இரண்டையும் சேர்த்து டிரை-ரன் ஓட்டினேன், இரண்டையும் தவிர்ப்பதாகச் சொல்கிறது. கூடா ரெப்போவும் அந்த 600 ஃபைலும் இருந்தன, டூல்கிட்டை எண்ணோடு போட்டுவிட்டு மெட்டா பேக்கேஜை எடுத்துவிட்டேன்.

இன்னும் ஒரு சந்தேகம். டிரைவர் நின்றாலும் கெர்னல் மாறுமே, அதனால் ஏதாவது வருமா? பாதுகாப்புக்காக இப்போது ஓடும் கெர்னலையும் ஹோல்டில் போட்டேன், ஆனாலும் ஆப்ட் புது கெர்னல் ஒன்றைப் போடப் போவதாகக் காட்டுகிறது.

---

முன்னுரிமை1001:

ஏனென்றால் கெர்னல் பேக்கேஜின் பெயரிலேயே வெர்ஷன் இருக்கிறது. புது கெர்னல் என்பது பழைய பேக்கேஜின் அப்கிரேட் இல்லை, வேறொரு பெயரில் வரும் புதிய பேக்கேஜ், அதை இழுத்து வருவது லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக் என்ற மெட்டா பேக்கேஜ். நிறுத்த வேண்டுமானால் மெட்டாவையும் ஹெடர்ஸ் மெட்டாவையும் நிறுத்த வேண்டும். ஓடும் கெர்னலை ஹோல்டில் போட்டதில் ஒரு பயன் உண்டு, தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ் அதை அழிக்காது.

ஆனால் கெர்னலை நிறுத்த வேண்டாம் என்பேன். யுநேம் -ஆர் அடித்துப் பாருங்கள். 5.15 என்று தொடங்கினால் கவலையில்லை, 22.04-இன் அடிப்படைக் கெர்னல் கடைசிவரை 5.15தான், அதற்குள் திருத்தங்கள் மட்டும் வரும், டிகேஎம்எஸ் ஒவ்வொரு முறையும் உங்கள் டிரைவரை அதற்கேற்ப மறுபடி கட்டிக்கொள்ளும். 6.8 மாதிரி எண் வந்தால் நீங்கள் ஹெச்டபிள்யூஇ (புதிய ஹார்டுவேருக்கான கெர்னல்) வரிசையில் இருக்கிறீர்கள், 22.04-இல் அந்த வரிசை 5.19, 6.2, 6.5, 6.8 என்று தாவித் தாவி வந்தது. டிரைவர் நகராமல் கெர்னல் மட்டும் அப்படித் தாவும்போதுதான் டிகேஎம்எஸ் கட்ட முடியாமல் விழும், ரீபூட்டுக்குப் பிறகு கார்டு காணாமல் போகும். சர்வரில் 5.15-க்கே திரும்பிவிடுவது எளிது, கார்டோ மதர்போர்டோ மிகப் புதியதாக இருந்தால் தவிர.

---

நரி_வால்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், தலைப்போடு ஒட்டியதுதான். டெஸ்க்டாப்பில் உபுண்டு 22.04, ஃபயர்ஃபாக்ஸை ஆப்ட்-மார்க் ஹோல்டில் போட்டிருக்கிறேன், ஷோஹோல்ட் அடித்தால் பெயரும் காட்டுகிறது, ஆனாலும் தானாகவே புது வெர்ஷனுக்கு மாறிவிடுகிறது. வேலை நடுவில் மூடித் திறக்கச் சொல்கிறது. ஹோல்ட் வேலை செய்யவில்லையா?

---

பேட்ச்_நாள்:

வேலை செய்கிறது, தவறான பூட்டில் சாவி போட்டிருக்கிறீர்கள். 22.04-இல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் (ஆப்டிலிருந்து வேறான தனிப் பேக்கேஜ் முறை) ஆக வருகிறது, ஆப்டில் அந்தப் பெயரில் இருப்பது ஸ்னாப்பை நிறுவிவிடும் ஒரு வெற்றுப் பேக்கேஜ் மட்டுமே. ஸ்னாப் தன் கணக்கில் ஒரு நாளைக்கு நான்கு முறை பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளும். ஸ்னாப் ரெஃப்ரெஷ், பிறகு ஹோல்ட் ஆப்ஷனுக்குச் சமக்குறி போட்டு 72ஹெச், கடைசியில் ஃபயர்ஃபாக்ஸ் என்று கொடுத்தால் மூன்று நாள் சும்மா இருக்கும். நேரம் குறிப்பிடாவிட்டால் நீங்கள் அன்ஹோல்ட் சொல்லும்வரை நிற்கும், ஆனால் பிரவுசரில் அப்படிச் செய்யாதீர்கள், நேரம் குறித்தே நிறுத்துங்கள். இந்த வசதி ஸ்னாப்டி 2.58-இல் வந்தது, அதைவிடப் பழையதாக இருந்தால் முதலில் ஸ்னாப்டியை அப்டேட் செய்யுங்கள்.

இன்னொன்று, "கெப்ட் பேக்" என்று வருவதெல்லாம் ஹோல்ட் என்று நினைக்க வேண்டாம். உபுண்டு சில அப்டேட்களை எல்லா மெஷினுக்கும் ஒரே நாளில் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது, உங்கள் முறை வரும்வரை 22.04-இல் அதுவும் "கெப்ட் பேக்" என்றே தெரியும். ஷோஹோல்டில் பெயர் இல்லையென்றால் பெரும்பாலும் அதுதான், விட்டுவிடுங்கள், தானாக வரும்.

ஜிபியு_கடன்காரன், நீங்கள் பரிசோதனைக்காகப் போட்ட அந்தக் கெர்னல் ஹோல்டை இன்றே எடுத்துவிடுங்கள். 24.04-க்கு மாறும் நாளில் டூ-ரிலீஸ்-அப்கிரேட் நடுவில் முறைத்துக்கொண்டு நிற்கும்போது அது யாருக்கும் நினைவில் இருக்காது.

---

ஜிபியு_கடன்காரன்:

எடுத்துவிட்டேன். ஷோஹோல்ட் இப்போது காலி. யுநேமில் 5.15தான் காட்டுகிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை டிரைவர் அப்கிரேடும் ரீபூட்டும் என்று லாகின் செய்தியில் எழுதி வைத்திருக்கிறேன், இதுவரை ஒருவர் மட்டும் முணுமுணுத்தார், அவருக்கு அடுத்த வாரம் பேப்பர் டெட்லைன்.